கல்யாண டேப்பில் பின்னக் கணக்கு

விழா மலருக்கு ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி நம் வாட்சாப் குழுவில் கேட்டீர்கள். கணக்கு சார் பணி ஓய்வு பெறுகிறார், ஸ்கூடாயில் மண்டபம் எடுத்தாயிற்று, ஆறாம் ஆண்டில் ஒன்றாகப் படித்தவர்கள் எல்லாரும் பழைய நினைவை எழுதுங்கள் என்றீர்கள். என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "டேய், நீ காமெடியா ஏதாச்சும் எழுதுடா, நீ எழுதுனாத்தான் ஆளுங்க படிப்பாங்க" என்றீர்கள். சரி, எழுதுகிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் என்னிடம் வந்து புகார் செய்யாதீர்கள்.

என் தமிழ் ஆறாம் ஆண்டோடு நின்றுபோன தமிழ். அதற்குப் பிறகு இடைநிலைப் பள்ளிக்குப் போனேன். எனக்கு அதைப் பிடிக்கவில்லை, அதற்கும் என்னைப் பிடிக்கவில்லை, சண்டை போடாமல் பிரிந்துவிட்டோம். பிழை இருந்தால் நீங்களே திருத்துங்கள். படித்தவர்கள் நீங்கள்தானே. நான் ஸ்கூடாயில் கார் கழுவுகிறவன். உங்களில் பலருடைய காரை நான் கழுவியிருக்கிறேன். சீட்டுக்கு அடியில் என்னென்ன கிடந்தது என்று இதுவரை ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை. அந்த நன்றியோடு மேலே படியுங்கள்.

குழுவில் இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள். "அப்ப சார் எடுத்த கணக்கு வீடியோலாம் யாருகிட்டயாச்சும் இருக்கா? மண்டபத்துல போட்டா செமையா இருக்கும் லா."

யாரிடமும் இல்லை. எனக்குத் தெரியும். நீங்கள் அதை மறந்து திரிந்த காலத்தில் நான் அதைத் தேடிப் போனேன். உங்களுக்கு அது மண்டபத்தில் போட்டுச் சிரிப்பதற்கான சாமான். எனக்கு அதில் என் அம்மா இருந்தார். நடந்தார், பேசினார், என் மண்டையில் ஒன்று போட்டார். அவர் நடந்ததற்கும் பேசியதற்கும் அந்த டேப்பைத் தவிர வேறு அத்தாட்சி இந்த உலகத்தில் இருந்ததில்லை. அடையாளக் கார்டில் ஒரு படம், கல்யாணத்தில் எடுத்த ஒரு படம். இரண்டிலும் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், ஏதோ படமெடுப்பவர் சுடப்போகிறார் என்பதைப்போல.

இப்போது நாற்பதை நெருங்குகிறோம். உங்களில் பாதிப் பேருக்கு இனிப்புநீர் வியாதி, எனக்கு முழுதாக. மறதி வருகிற வயது. அதனால் நடந்ததை நான் ஞாபகப்படுத்துகிறேன்.

கெலாங் பாத்தாவைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் நம் பள்ளி. சார் பலகையில் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னார். மேலே இருப்பதை மேலே இருப்பதோடும், கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று வகுப்பு முழுக்க எழுதினீர்கள். இன்று கார் கண்ணாடியை இறக்காமலே என்னிடம் பேசுகிற அறிவாளிகளும் அதைத்தான் எழுதினீர்கள். நான் ஒன்றும் எழுதவில்லை. வகுப்பில் தப்புச் செய்யாத ஒரே ஆள் நான்தான்.

சார் சாக்பீஸை மேசைமேல் போட்டார். "நான் சொன்னா உங்களுக்கு ஏற மாட்டேங்குது. உங்கள்ல ஒருத்தன் சொன்னா ஏறுமா?"

"ஏறும் சார்" என்று நான் பின்வரிசையிலிருந்து கத்தினேன். எது ஏறும் என்று எனக்குத் தெரியாது. கத்துவது என் வேலை.

சாரின் தம்பி கல்யாண வீடியோ எடுப்பவர். அவர் ஓரங்கட்டிய பழைய கேமராவை சார் வாங்கிக்கொண்டு வந்தார். ஆளுக்கு ஒரு கணக்கு, வீட்டில் இருக்கிற சாமானை வைத்து விளக்கவேண்டும், சனிக்கிழமை சார் வீட்டுக்கே வந்து எடுப்பார், திங்கட்கிழமை வகுப்பில் டிவியில் போட்டுப் பார்ப்போம். இன்று கைப்பேசியில் சின்னப் பிள்ளைகள்கூடச் செய்கிற காரியம். அன்று அதை யோசித்தவர் அவர். நல்ல யோசனைதான். அதை நான் மறுக்கவில்லை. மண்டபத்தில் இதை மட்டும் படித்துக் கைதட்டிக்கொள்ளுங்கள், மிச்சத்தை மடித்துவிடுங்கள்.

கேமராவோடு ஒரே ஒரு டேப்தான் வந்தது. யாரோ ஒருவரின் கல்யாண விருந்து பாதிவரை இருந்த டேப். மிச்ச இடத்தில்தான் நம் கணக்கு. ஒவ்வொரு திங்கட்கிழமையும் கணக்குக்குப் போகுமுன் அந்த விருந்தின் கடைசிப் பந்தியைப் பார்த்தாக வேண்டும். ஒரு மாமா வாழையிலையிலிருந்து பாயசத்தை வழித்து, முழங்கை வரை நக்குவார். நாம் மேசையைத் தட்டி விசில் அடிப்போம். அவர் முடித்ததும் படம் ஒரு குதி குதிக்கும், உங்களில் ஒருவர் வந்து கேரட்டை வைத்துக்கொண்டு சென்டிமீட்டர் என்பீர்கள். உண்மையைச் சொல்கிறேன், மாமா அளவுக்கு யாருமே நடிக்கவில்லை.

நம் வகுப்பு மானிட்டரை ஞாபகம் இருக்கும். இந்த விழாவுக்கு அவன்தானே தலைவர். அன்று அவன் அப்பா பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர். வகுப்பு டிவியே அவர் கொடுத்தது. டிவிக்கு மேலே அவர் பெயரை எழுதியிருந்த எழுத்து, டிவியில் வருகிற எழுத்தைவிடப் பெரிது. மானிட்டர் தன் வீடியோவில் கிலோகிராமைப் பாடப்புத்தகத்திலிருந்து அப்படியே ஒப்பித்தான். சார்கூடக் கொட்டாவி விட்டார்.

பிறகு என் முறை வந்தது. பின்னம் என் தலையில் விழுந்தது.

எங்களுடையது மலிவு விலை வீடு. முன்கதவைத் திறந்தால் பின்கதவு இடிக்கும் என்று அப்பா சொல்வார். அப்பா லோரி ஓட்டினார். சனிக்கிழமை காலையில் வண்டியை விட்டுவிட்டு வரும்போது ரொட்டி சானாய் வாங்கி வருவார். அன்று இரண்டுதான் மிச்சம், எனக்கும் தம்பிக்கும். தம்பிக்கு அப்போது ஐந்து வயது. அவனை ஏமாற்ற எனக்கு ஒரு வழி இருந்தது. பெரிய துண்டை நான் வைத்துக்கொண்டு, சின்னத் துண்டை இரண்டாகப் பிய்த்து அவன் தட்டில் போடுவேன். "எனக்கு ஒன்னு, ஒனக்கு ரெண்டு பாத்தியா" என்பேன். அவன் பூரித்துப்போவான்.

சார் வந்தார், கேமராவை ஒரு ஸ்டூலில் வைத்தார், சிவப்பு விளக்கு எரிந்தது. நான் ஒரு ரொட்டியை இரண்டாகவும் இன்னொன்றை மூன்றாகவும் கிழித்தேன். "மாணவர்களே" என்று சாரின் குரலிலேயே ஆரம்பித்தேன். சார் முறைத்தார். அரை ரொட்டியை என் தட்டில் வைத்தேன். மூன்றில் ஒரு துண்டை எடுத்து, பழக்கதோஷத்தில் இரண்டாகப் பிய்த்துத் தம்பி தட்டில் போட்டேன். "எனக்கு ஒன்னு, ஒனக்கு ரெண்டு."

அம்மா சமையல்கட்டிலிருந்து வந்ததை நான் பார்க்கவில்லை. பாத்தேக் கைலி, யாரோ சும்மா கொடுத்த டி-சட்டை, குளித்த ஈரத்தலையில் துவாலை, கையில் பருப்புக் கரண்டி. முதலில் என் மண்டையில் டொக்கென்று கரண்டி விழுந்தது. பருப்பு காதுவழியாக இறங்கியது. பிறகுதான் பேச்சு.

"படிச்சுக் குடுக்குற மூஞ்சப் பாரு! சின்னவன ஏமாத்தித் திங்கிறான் சார் இவன்!" பிறகு தம்பியிடம் குனிந்து சொன்னார். "துண்ட எண்ணாதடா. அளவப் பாரு, அளவ."

அந்தக் கடைசி 'அளவ'வை அம்மா இழுப்பார். லாயாங் லாயாங்கில் பிறந்து வளர்ந்தவர், அங்கே அம்மா வீட்டில் எல்லாருமே ஒரு சொல்லை இரண்டாம் முறை சொல்லும்போது அப்படி இழுப்பார்கள், ரயில் ஸ்டேஷனை விட்டுப் போகிற மாதிரி.

அப்புறம்தான் ஸ்டூலில் சிவப்பு விளக்கைப் பார்த்தார். "அலாமாக்! எடுக்குறீங்களா சார்? சொல்லக் கூடாதா?" துவாலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினார். உள்ளேயிருந்து, "டீ போடவா சார்?" என்று கேட்டது.

எனக்குக் காது எரிந்தது. ஆனாலும் கோமாளி நிறுத்தமாட்டான் அல்லவா. கேமராவைப் பார்த்துச் சொன்னேன்: "எங்கம்மா சொல்றது சரிதான். துண்ட எண்ணுனா எடுத்தது ரெண்டு, ரெண்டு ரொட்டிக்கும் மொத்தம் அஞ்சு, அஞ்சுல ரெண்டுன்னு வரும். அரை ரொட்டி தின்னவன் இன்னும் ஒரு துண்டு தின்னா, அரையவிடக் கொறைவாவா தின்னுருப்பான்? எல்லாத்தையும் ஒரே அளவா பிய்க்கணும்." இரண்டு ரொட்டியையும் அவ்வாறே ஆறு ஆறாகப் பிய்த்தேன். அரைக்கு மூன்று, மூன்றில் ஒன்றுக்கு இரண்டு, கூட்டினால் ஆறில் ஐந்து. தம்பி அந்த ஐந்தையும் தின்றுவிட்டான். வீடியோ முடிந்தது.

திங்கட்கிழமை மாமா பாயசம் நக்கி, உங்கள் கணக்குகளும் ஓடி முடிந்ததும் நான் வந்தேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஒரு வித்தையைக் காட்டியவனுக்குக் கிடைக்கிற சிரிப்பு. அதற்குப் பிறகு அந்த வகுப்பில் ஒருவர்கூட ஐந்தில் இரண்டு என்று எழுதவில்லை. பலகையில் சார் கணக்குப் போடும்போதே யாராவது ஒருவர் முணுமுணுப்பீர்கள்: "அளவப் பாரு, அளவ."

அது அங்கேயே நின்றிருக்கலாம்.

கல்வி இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி பள்ளிக்கு வருவதாகச் சொன்னார்கள். சார் தன் வீடியோக்களைக் காட்ட ஆசைப்பட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"டேய் கோமாளி, ஒன்னோடதுதான் நல்லாருக்கு. ஆனா இப்டியே காட்ட முடியாது."

"ஏன் சார்?"

"ஒங்கம்மா கைலியோட வந்து நிக்கிறாங்க. கரண்டில அடிக்கிறாங்க. பெரிய ஆளுங்க பாக்குறது, என்ன நெனப்பாங்க? மானிட்டர் வீட்ல வெச்சு திருப்பி எடுப்போம். அவன் பேசட்டும், சுத்தமா பேசுவான். நீ வந்து அவனுக்குச் சொல்லிக் குடு. நீதான் டைரக்டர், சரியா?"

டைரக்டர் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பன்னிரண்டு வயதுப் பையனை ஏமாற்றச் சின்னத் துண்டை இரண்டாகப் பிய்க்கக்கூட வேண்டாம். ஒரு சொல் போதும்.

மானிட்டர் வீடு மூலை வீடு. கல் மேசை, வெள்ளைத் தட்டு, ரொட்டி வெட்ட ஒரு கத்தி. ரொட்டியைக் கத்தியால் வெட்டுகிறவர்களை நான் அன்றுதான் பார்த்தேன். டைரக்டரான என் கையில் சார் ஒரு விளக்கைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கல்யாண வீடியோ எடுக்கிற விளக்கு, பிடித்த கை வெந்தது.

டேப் முடியப்போகிறது என்றார் சார். "இவனோடத வேற எதுக்கு வெச்சுக்கிட்டு? அதுமேலேயே எடுத்துருவோம்." பொத்தானை அழுத்தினார். கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் பின்னால் ஓடியது. தம்பி வாயிலிருந்து ரொட்டியை எடுத்துத் தட்டில் வைத்தான். கிழிந்த துண்டுகள் ஒட்டிக்கொண்டன. அம்மா சமையல்கட்டிலிருந்து முதுகு காட்டிக்கொண்டே ஓடி வந்தார், தம்பியிடம் குனிந்தார், நிமிர்ந்தார். என் காதிலிருந்த பருப்பு மேலே ஏறிக் கரண்டிக்குள் போனது. கரண்டி என் மண்டையை விட்டுக் கிளம்பியது. அம்மா பின்பக்கமாகவே நடந்து சமையல்கட்டுக்குள் போய்விட்டார்.

அங்கே நின்றவர்களில் அதிகம் சிரித்தது நான்தான். விளக்கு கையில் ஆடியது. "ஆட்டாதடா" என்றார் சார். சிவப்பு விளக்கு எரிந்தது.

மானிட்டர் முதல் தடவை அம்மா சொன்னதை விட்டுவிட்டுப் பேசினான். ரொட்டியை வெட்டினான், ஆறு என்றான், ஐந்து என்றான். சாருக்கே புரியவில்லை. "ஏதோ கொறையுது" என்றார்.

நான்தான் சொன்னேன். டைரக்டர் அல்லவா. "எங்கம்மா சொன்னத சொல்லுடா. அத சொல்லாட்டி ஒருத்தனுக்கும் புரியாது."

அவன் உள்ளே போய் ஒரு துவாலையைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்தான். கீச்சுக் குரலில், இடுப்பில் கை வைத்து, என் அம்மாவைப்போலச் சொன்னான். "துண்ட எண்ணாதடா. அளவப் பாரு, அளவ." இழுப்பைக்கூட விடவில்லை. அவன் வீட்டு அறையிலிருந்து அவன் அம்மா சிரித்தது எனக்குக் கேட்டது. சாரும் சிரித்தார். பெரிய ஆளுங்க பார்க்கக்கூடாது என்று என் அம்மாவை எடுத்துவிட்டு, என் அம்மாவைச் செய்த நக்கலை வைத்துக்கொண்டார்கள். கைலி ஆகாது, கைலியைக் கேலி செய்தால் ஆகும்.

அதிகாரி வந்தார், பார்த்தார், மானிட்டரின் முதுகில் தட்டினார். வகுப்பில் மறுபடி போட்டபோது நீங்கள் சிரித்த சிரிப்பு வேறு. அதன் வித்தியாசம் எனக்குக் கேட்டது. அன்றிலிருந்து என் பெயரே உங்களுக்கு 'அளவ' ஆனது. கேண்டீனில் 'அளவ', திடலில் 'அளவ'. தேர்ச்சி அறிக்கை வாங்க அம்மா பள்ளிக்கு வந்த நாளில், படிக்கட்டில் வரிசையாக நின்று அவர் முதுகுக்குப் பின்னால் இழுத்து இழுத்துக் கத்தினீர்களே, யார் யார் என்று எழுதட்டுமா? மலரில் இடம் போதாது.

தம்பியைக் கூட்டிப்போக அம்மா பாலர் பள்ளிப் பக்கம் திரும்பியதும் என்னைக் கேட்டார்: "ஏன்டா என்னையப் பாத்து அப்டிக் கத்துறானுங்க?"

"தெரியலம்மா."

"கிறுக்குப் புள்ளைங்க" என்று சிரித்துக்கொண்டே தம்பியைத் தூக்கிக்கொண்டார். தேர்ச்சி அறிக்கை வாங்குவதற்காக நல்ல சட்டை போட்டு, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார். தன்னை வீடியோவில் எடுத்ததை அவர் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

அடுத்த வருஷம் மழை நாளொன்றில் தொழிற்சாலை வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போன அம்மா திரும்பவில்லை. இதில் ஜோக் ஒன்றும் எனக்கு வரவில்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

காரியம் முடிந்ததும் தம்பியைக் கூட்டிக்கொண்டு சார் வீட்டுக்குப் போனேன். எனக்கு டேப் நுட்பம் தெரியாது. மேலே எடுத்தாலும் கீழே பழையது இருக்கும் என்று நினைத்திருந்தேன், சுவரில் பழைய சாயத்தின்மேல் புதுச் சாயம் அடித்ததைப்போல. சுரண்டினால் வரும் என்று.

சார் கேட்டுக்கு வெளியே வந்து என் தோளில் கை வைத்தார். "அதுமேலதான்டா மானிட்டரோடத எடுத்தோம். நீதான லைட்டு புடிச்ச. அது போயிருச்சு." என் முகத்தைப் பார்த்து, உதவ நினைத்துக் கேட்டார்: "மானிட்டரோடது வேணுமா? என் தம்பிகிட்ட கேட்டுப் பாக்குறேன்."

அதுவும் கிடைக்கவில்லை. அதன்மேல் சாரின் தம்பி வேறொரு கல்யாணம் எடுத்துவிட்டாராம். பாயச மாமாவும் போனார்.

சார் கெட்டவர் இல்லை. இது எனக்கு இப்போது தெரிகிறது. தெரிந்து என்ன செய்ய? கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன். என்னை டைரக்டர் என்றவர், தோளில் கை வைத்தவர், பள்ளிக்கு நல்ல பெயர் வரவேண்டும் என்று நினைத்தவர். அவருக்கு அந்த வீடியோவில் கணக்கு தெரிந்தது, கைலி தெரிந்தது. நடுவில் நின்ற ஆள் தெரியவில்லை. மாலை போடுங்கள். நான் போடமாட்டேன்.

நான் யாருடைய குரலையும் பேசுவேன், உங்களுக்குத் தெரியும். சார் குரல், பெரியாசிரியர் குரல், கார் கழுவ வருகிற டத்தோ பட்டக்காரர்கள் குரல். அம்மா குரல் மட்டும் வராது. தம்பி இப்போது சிங்கப்பூரில் வேலை செய்கிறான். வருகிறபோதெல்லாம் கேட்பான்: "அம்மா எப்டிண்ணே பேசும்?" நான் வாயைத் திறப்பேன், மானிட்டரின் கீச்சுக் குரல்தான் வரும். மூடிக்கொள்வேன். அவனுக்கு அம்மாவின் முகமே அடையாளக் கார்டு முகம்தான்.

போன வாரம் மானிட்டர் நம் குழுவில் ஒரு வீடியோ போட்டான். "என் மகள், ஐந்தாம் ஆண்டு. கிளாஸ் பிள்ளைகளுக்காக அவளே எடுத்த கணக்கு வீடியோ. லைக் போடுங்க." நீங்கள் எல்லாரும் கை தட்டுகிற படம் போட்டீர்கள். நானும் திறந்தேன். நல்ல சூட்டிகையான பிள்ளை. ஒரு பீட்சாவைப் பாதியாக, இன்னொன்றை மூன்றாக வெட்டி வைத்திருந்தது. அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் என்ன என்று கேட்டது. பிறகு ஒரு துவாலையைத் தலையில் சுற்றிக்கொண்டு, ஒரு கரண்டியை ஆட்டிக்கொண்டு சொன்னது:

"துண்ட எண்ணாதடா. அளவப் பாரு, அளவ."

கீச்சுக் குரல் இல்லை. அந்தப் பிள்ளைக்கு அது கேலி என்றே தெரியாது. அப்பா சொல்லிக்கொடுத்த வசனம், அவ்வளவுதான். கேலி கழுவிப்போய் இழுப்பு மட்டும் மிச்சமிருந்தது. லாயாங் லாயாங் ரயில் அதே மாதிரி ஸ்டேஷனை விட்டுப் போனது.

கையில் சவுக்காரத் தண்ணீர் வழிய நின்றேன். யாரோ ஒருவரின் கார் பாதி நுரையோடு காய்ந்தது. பிறகு தம்பிக்கு அனுப்பினேன்.

"யாருண்ணே இந்தப் பாப்பா?" என்று எழுதினான்.

"மானிட்டர் மகள். அம்மா இப்டித்தான் சொல்லும்."

இரண்டு நீலக் கோடு விழுந்தது. பிறகு குரல் பதிவு அனுப்பினான். தொழிற்சாலைச் சத்தத்துக்கு நடுவில், ஐந்து வயதுப் பிள்ளை கேட்பதைப்போல: "இன்னொரு தடவ சொல்லச் சொல்லுண்ணே."

ஆகவே, மானிட்டருக்கு. உன் விழாவுக்கு நான் வரமாட்டேன். உன்னை நான் மன்னித்துவிட்டேன் என்று மேடையில் கதை விடாதே, மன்னிக்கவில்லை. உன் கார் வந்தால் கழுவுவேன், உன்னோடு பேசமாட்டேன். ஆனால் உன் மகளிடம் ஒன்று சொல். வரிசை தப்பாக இருக்கிறது. கரண்டி முதலில் விழவேண்டும், பேச்சு பிறகு. என் அம்மா அடித்துவிட்டுத்தான் பேசுவார். 'அளவ' என்று சொல்லும்போது சின்னப் பிள்ளையைப் பார்த்துக் குனியவேண்டும். மறுபடி எடுக்கச் சொல்.

பழையதின் மேல் எடுக்கவேண்டாம் என்று சொல்.